ஒரு சொல்லை வைத்து ஓர் அகராதியை நிறுத்துப் பார்த்தேன்

சென்ற ஜனவரியில், பாடசாலை தொடங்குவதற்கு முந்திய வாரம், இலங்கை மலையகத்து ஹட்டன் நகரின் பிரதான வீதியிலுள்ள ஒரு புத்தகக் கடையில் 1,150 ரூபாய் கொடுத்து ஆங்கில–தமிழ்க் கையடக்க அகராதி ஒன்றை வாங்கினேன். சென்னையில் அச்சிடப்பட்டு இங்கே இறக்குமதியாகும் வகையைச் சேர்ந்தது. அதன் பெயரை இங்கே எழுதாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய அதே பெயரோடும் அதே உள்ளடக்கத்தோடும் வெவ்வேறு பதிப்பகத்தாரின் அகராதிகள் மூன்று அதே அலுமாரியில் இருந்தன. புரட்டிப் பார்த்தபோது நான் இங்கே சொல்லப்போகும் குறை நான்கிலும் இருந்தது. ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்து எழுதியிருக்கலாம். யார் முதலில் எழுதினார் என்று தேடுவது என் வேலையன்று.

நூலின் உடலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எழுத்து தெளிவாக இருக்கிறது. மாலை நேரத்தில் மங்கிய விளக்கிலும் வாசிக்க முடிகிறது. கைப்பையில் அடங்கும் அளவு. ஆனால் மஸ்கெலியாப் பக்கத்து ஜூன் மாத மழையையும் பனிமூட்டத்தையும் எண்ணி இந்தப் பசையைப் பூசவில்லை என்பது ஓகஸ்ட் மாதத்துக்குள் தெரிந்துவிட்டது. முதுகுப் பக்கம் விட்டுக்கொடுத்து, எஸ் எழுத்துப் பகுதி தனிப்புத்தகமாகக் கழன்று வந்தது. நூல் போட்டுத் தைத்த பதிப்பு கிடைத்தால் இருநூறு ரூபாய் அதிகம் என்றாலும் அதையே வாங்குவது நல்லது.

நான் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பத்தாம், பதினோராம் ஆண்டுகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். புதிய அகராதி வாங்கும் பலர் நீளமான, கடினமான சொற்களைத் தேடிப் பார்த்து, அவை இருந்தால் அகராதி நல்லது என்று முடிவு செய்கிறார்கள். கடினமான சொற்களில் அகராதி அவ்வளவாகத் தவறுவதில்லை, ஏனெனில் அவற்றுக்குப் பொருள் ஒன்றுதான் இருக்கும். எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிற எளிய சொல்லில்தான் அகராதி செய்தவரின் கவனம் வெளிப்படும். நான் எடுத்துக்கொண்ட சொல் இன்சிடன்ட். அகராதி அதற்குத் தரும் பொருளை அப்படியே எழுதுகிறேன்: சம்பவம், நிகழ்ச்சி, விபத்து, நேர்கின்ற, உரிய. ஐந்து சொற்கள், நான்கு காற்புள்ளிகள், எடுத்துக்காட்டு ஒன்றுகூட இல்லை.

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், தராசில் காட்டுகிற கிலோ முழுவதும் பறித்தவர் பேரில் விழுவதில்லை. கூடைக்கும் தண்ணீருக்கும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் கணக்கு. சொற்களுக்கும் அப்படிக் கழிக்க வேண்டிய ஒரு பாரம் உண்டு. இந்த ஐந்து சொற்களில் ஒவ்வொன்றும் வேறு வேறு பாரம் கொண்டது என்பதை அகராதி ஓரிடத்திலும் சொல்லவில்லை.

நிகழ்ச்சி என்ற சொல்லை முதலில் ஒதுக்கிவிடலாம். இன்று அது வானொலி நிகழ்ச்சி, கலை நிகழ்ச்சி, பரிசளிப்பு நிகழ்ச்சி என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்ட ஒன்றைக் குறிக்கிறது. இன்சிடன்ட் ஏற்பாடு செய்யப்படுவதில்லை, அது வந்து நேர்வது. அடுத்தது சம்பவம். நம் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளை வாசிக்கும் எவருக்கும் ‘இச்சம்பவம் தொடர்பில் பொலிஸார் மேலதிக விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர்’ என்ற வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும். கொலைக்கும் அதே வாக்கியம், கோழி திருட்டுக்கும் அதே வாக்கியம். செய்தியில் பெரிது சிறிது காட்டாத சொல்லாக இருக்கும் சம்பவம், பேச்சில் பெரிய பக்கத்துக்குச் சாய்ந்துவிடுகிறது. ‘நேத்து லயத்துல ஒரு சம்பவம் நடந்திருச்சு’ என்று ஒருவர் தொடங்கினால் கேட்பவர் கையிலுள்ள தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். என் மாணவர்களோ ‘சம்பவம் பண்ணிட்டான்’ என்பதைச் சினிமாவிலிருந்து கற்றுக்கொண்டு, யாராவது பெரிதாக ஒன்றைச் செய்துவிட்டால் அப்படிச் சொல்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இன்சிடன்ட் எதிர்ப் பக்கத்துக்குச் சாய்கிற சொல். பெரிய ஒன்றின் ஓரத்தில், அல்லது பல நடப்புகளுக்கிடையே ஒன்றாக, வந்து விழுகிற சிறிய நடப்பையே அது பெரும்பாலும் குறிக்கிறது. பெரிதாக ஒன்று நடந்தால் அவர்கள் ஈவென்ட் என்பார்கள். விளையாட்டுப் போட்டி ஈவென்ட். போட்டி நடக்கும்போது வாசலில் இருவர் தள்ளுமுள்ளுப்பட்டால் அது இன்சிடன்ட். அந்த நாள் ‘இன்சிடன்ட் இல்லாமல் கழிந்தது’ என்று அவர்கள் எழுதும்போது ஒன்றுமே நடக்கவில்லை என்று பொருளல்ல. கெடுதலாக ஒன்றும் இடையில் வந்து விழவில்லை என்று பொருள். இதற்கு நம்மிடம் மிகச் சரியான சொல் இருக்கிறது. தேர்தல் முடிந்த மறுநாள் ‘வாக்களிப்பு அசம்பாவிதங்கள் எதுவுமின்றி அமைதியாக நடைபெற்றது’ என்று பத்திரிகைகள் எழுதுகின்றனவே, அந்த அசம்பாவிதம்தான். அகராதியில் இந்தப் பதிவின் கீழ் அது இல்லை. முழு அகராதியிலும் தேடிப் பார்த்தேன், எங்கும் இல்லை.

இதனால் வகுப்பறையில் என்ன நேர்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ‘என் வாழ்வில் மறக்க முடியாத ஒரு சம்பவம்’ என்பது ஆங்கிலக் கட்டுரைக்கு ஆண்டுதோறும் கொடுக்கப்படும் தலைப்பு. சென்ற தவணையில் ஒரு மாணவி தன் தாத்தா இறந்ததைப் பற்றி மிக நன்றாக எழுதியிருந்தாள். இறுதி ஊர்வலத்துக்குத் தப்பு அடித்தவர்கள் வந்தது, மழை விட்டதும் பெட்டியைத் தூக்கியது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் நின்றன. ஆனால் அந்தச் சாவை நான்கு இடங்களில் ‘திஸ் இன்சிடன்ட்’ என்று எழுதியிருந்தாள். ஆங்கிலம் தெரிந்தவர் வாசித்தால், தாத்தாவின் சாவை வழியில் கால் இடறியதைப்போல அவள் கருதுகிறாள் என்றே தோன்றும். பிழை அவளுடையதன்று. தமிழில் சம்பவம் என்று நினைத்தாள், அகராதியும் சம்பவம் என்றது. அந்தத் தலைப்பைக் கொடுத்த எங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அகராதியைக் குறைசொல்லும் இடத்தில் ஒன்றைப் பாராட்டவும் வேண்டும். ‘நேர்கின்ற’ என்று நான்காவதாக ஒரு பொருள் தந்திருக்கிறார்களே, அதுதான் இந்தச் சொல்லின் வேருக்கு மிக அருகில் இருப்பது. இலத்தீனில் காடெரே என்றால் விழுதல். அதன் முன் ‘இன்’ சேர்ந்து, மேலே வந்து விழுதல் என்ற பொருளில் பிறந்ததே இன்சிடன்ட். அதே விழுதலின் முன் ‘அட்’ சேர்ந்து அக்சிடன்ட் ஆயிற்று. ஆக இரண்டும் உடன்பிறந்தவை. பிறப்பில் ஒன்று, வளர்ப்பில் வேறு. நடப்பதை விழுவதாகப் பார்க்கும் இந்த வழக்கம் நமக்குப் புதிதன்று. செய்தி காதில் விழுகிறது, ஆள் கண்ணில் படுகிறது. பட்டது என்றால் விழுந்தது என்றும் பொருள். ஏற்பட்டது என்ற சொல்லுக்குள்ளும் அந்தப் படுதல் ஒளிந்திருக்கிறது. விஞ்ஞானப் புத்தகத்தில் கண்ணாடியின் மேல் வந்து விழும் ஒளிக்கதிரைப் படுகதிர் என்றும் அது ஆக்கும் கோணத்தைப் படுகோணம் என்றும் படித்திருப்போம். ஆங்கிலத்தில் அந்தக் கதிருக்கு அடைமொழியாக வருவது இதே இன்சிடன்ட்தான். நம் மாணவர்கள் ஒளியியலில் இந்தச் சொல்லைச் சரியான பொருளில் தினமும் பயன்படுத்துகிறார்கள். மொழிப்பாட வேளை தொடங்கியதும் அதை மறந்துவிடுகிறார்கள். படுகதிர் என்ற ஒரு சொல்லை அகராதியில் சேர்த்திருந்தால் அரை வரி செலவாகியிருக்கும்.

இதெல்லாம் ஆசிரியர்களின் பொழுதுபோக்கு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, எனக்கு இந்த அகராதியை மறக்க முடியாமற் செய்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பகுதித் தோட்டங்களில் குளவிக் கொட்டு அடிக்கடி நேர்வது. தேயிலைச் செடிக்குள் இருக்கும் கூடு கலைந்தால் அந்த நிரையில் கொழுந்தெடுக்கும் பெண்களே முதலில் அகப்படுவார்கள். அப்படிக் கொட்டு வாங்கி நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த ஓர் அக்கா, தோட்டத்து அலுவலகத்திலிருந்து கொடுத்த ஆங்கிலக் கடிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

‘டீச்சர், நடந்தத இதுல சின்னதா எழுதியிருக்காங்கன்னு மகன் சொல்றான். ஒருக்கா வாசிச்சுப் பாருங்க,’ என்றார்.

மகன் சொன்னது சரிதான். வேலை நேரத்தில் ‘ஓர் இன்சிடன்ட்’ காரணமாக அவர் வேலைக்கு வரவில்லை என்று கடிதம் சொன்னது. ஆங்கிலமாக அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் வேலையில் அடிபட்டவர்களுக்கு நட்டஈடு வழங்குவதற்கு நம் நாட்டிலுள்ள சட்டம், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், பேசுவது இன்சிடன்டைப் பற்றியன்று. வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேர்ந்த அக்சிடன்டைப் பற்றி. ஒரு கடிதத்தில் ஒரு சொல் மாறியதால் சட்டம் கொடுக்கும் உரிமை போய்விடாது என்பது உண்மையே. ஆனாலும் அந்தக் கோப்பை முதலில் திறக்கிறவர், உள்ளே வாசிப்பதற்கு முன்பே, இது சின்ன விடயம் என்று நினைத்துவிட அந்த ஒரு சொல் போதும்.

அக்காவோடு நானும் அலுவலகத்துக்குப் போனேன். கடிதத்தைத் தட்டச்சுச் செய்த தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நான் விளக்கியபோது அவர் மறுத்துப் பேசவில்லை. ‘மன்னிச்சுக்குங்க டீச்சர், அக்சிடன்ட்னா பஸ்ஸோ லொறியோ மோதுறதுன்னு நெனச்சேன். இதுல ரெண்டும் ஒண்ணுதான்னு போட்டிருக்கு,’ என்று மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் அகராதியை எடுத்து வைத்தார். என்னிடமுள்ள அதே அகராதி. இன்சிடன்டுக்கு விபத்து என்று இருந்தது. அக்சிடன்டுக்கு விபத்து, தற்செயல் நிகழ்ச்சி, சம்பவம் என்று இருந்தது. அவர் மீது எனக்கு வருத்தமில்லை. நம் பேச்சுத் தமிழில் அக்சிடன்ட் என்ற சொல் வீதிக்கு மட்டுமே உரியதாகிவிட்டது. குளவி கொட்டியதை யாரும் அக்சிடன்ட் என்று சொல்வதில்லை. அதைத் திருத்தும் இடத்திலிருந்த அகராதி இரண்டு சொற்களுக்கும் ஒரே தட்டில் ஒரே சோற்றைப் போட்டுவிட்டது. கடிதம் அன்றே திருத்தப்பட்டது.

இந்த இரண்டு சொற்களையும் பிரித்து வைப்பதில் ஆங்கிலத்தை வேலைமொழியாகக் கொண்ட நிறுவனங்கள் எவ்வளவு கவனமாக இருக்கின்றன என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில், ஆள் இறந்தாலோ கடுமையாகக் காயமடைந்தாலோ, விமானத்தின் கட்டமைப்பு பெரிதும் சேதமானாலோ, விமானம் காணாமற்போனாலோ அது அக்சிடன்ட். அவ்வளவு தூரம் போகாமல், பாதுகாப்பைப் பாதித்த அல்லது பாதிக்கக்கூடிய மற்றவை இன்சிடன்ட். அணுவுலைகளுக்கு 1990இல் ஏற்படுத்தப்பட்ட ஏழு படி அளவுகோலில் முதல் மூன்று படிகள் இன்சிடன்ட், நான்கு முதல் ஏழு வரை அக்சிடன்ட். செர்னோபிலும் ஃபுக்குஷிமாவும் ஏழாம் படி. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை அளவுகோல் இல்லாமலே விளக்கலாம். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டினெயார் விமானம் அங்குள்ள ஏழு கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் இறந்தார்கள். தரையிறங்கும் சக்கரம் ஒன்று சரியாக விரியாமல், பிறகு விரிந்து, விமானம் பத்திரமாக இறங்கியிருந்தால் அது இன்சிடன்ட். மலையில் நடந்ததை அப்படி எழுத எந்த விசாரணை அதிகாரிக்கும் கை வராது.

எல்லா அதிகாரிகளுக்கும் அப்படிக் கை வராமல் இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிறிய சொல் என்பதாலேயே பெரியதை மூடி வைப்பதற்கு இது வசதியான சொல்லாகவும் இருந்திருக்கிறது. 1931 செப்டெம்பர் 18ஆம் திகதி சீனாவின் முக்டென் நகருக்கருகே ரயில் பாதையில் வெடித்த ஒரு குண்டைச் சாட்டாக வைத்து ஜப்பானியப் படை மஞ்சூரியா முழுவதையும் பிடித்தது. ஆங்கில வரலாற்று நூல்களில் இன்றும் அது முக்டென் இன்சிடன்ட்தான். 1937இல் சீனாவோடு முழு யுத்தமே தொடங்கிய பின்னும் ஜப்பானிய அரசு யுத்தம் என்று அறிவிக்காமல் அதைச் ‘சீன இன்சிடன்ட்’ என்ற பொருளில் அழைத்து வந்தது. 1940இல் லண்டனில் குண்டு விழுந்த இடங்களை வான்தாக்குதல் காவலர்கள் தங்கள் அறிக்கைகளில் இன்சிடன்ட் என்று எழுதினார்கள். அங்கே அது மறைப்பதற்காக அன்று, பதறாமல் வேலை பார்ப்பதற்காக. ஆங்கிலப் பத்திரிகையில் எல்லை இன்சிடன்ட் என்று வாசிக்கும் மாணவர், உள்ளே இறந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் குழம்பாமலிருக்க இந்தப் பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். கையடக்க அகராதியிடம் இவ்வளவையும் எதிர்பார்க்கவில்லை. ‘பெரும்பாலும் சிறியது’ என்ற இரண்டு சொற்களையே எதிர்பார்த்தேன்.

அதே பக்கத்தில் கிளைச் சொற்களுக்கு வருவோம். இன்சிடென்டல் என்பதற்குத் ‘தற்செயலான’ என்று போட்டு நிறுத்திவிட்டார்கள். சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரின் கணக்குச் சீட்டில் வரும் இன்சிடென்டல் செலவை இந்த அகராதியை நம்பி ‘தற்செயலான செலவு’ என்று எழுதினால், பணம் தெரியாமல் கைதவறிச் செலவாகிவிட்டது என்று பொருளாகும். கலியாண வீட்டுக் கணக்கில் நம் வீட்டுப் பெரியவர்கள் உதிரிச் செலவு என்று ஒரு வரி எழுதுவார்களே, அதுதான் இது: பந்தலுக்கும் சமையலுக்கும் போக, வெற்றிலை, கற்பூரம், முச்சக்கர வண்டிக் கூலி என்று பக்கத்தில் உதிர்ந்து போகிற காசு. ஆங்கிலச் சொல்லின் அடியில் விழுதல் இருப்பதுபோலவே நம் சொல்லின் அடியிலும் உதிர்தல் இருக்கிறது. யாரும் பார்த்து எழுதாமலே இரண்டு மொழிகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இவ்வளவு பொருத்தமான சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது தற்செயல் எதற்கு? இன்சிடென்டலி என்பதற்கு ‘இடையில் ஒன்று சொல்ல வேண்டும்’ என்ற பொருள் உண்டு என்பதையும் அவர்கள் விட்டுவிட்டார்கள். கடிதங்களிலும் உரையாடலிலும் அது வரும்போதெல்லாம் என் மாணவர்கள் ‘தற்செயலாக’ என்று மொழிபெயர்க்கிறார்கள்.

இன்சிடென்ஸ் என்பது வேறொரு தொல்லை. இன்சிடன்ட் என்பதன் பன்மையும் இதுவும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். ஆனால் இது ஒரு நோயோ குற்றமோ எவ்வளவு அடிக்கடி நேர்கிறது என்ற வீதத்தைக் குறிப்பது. டெங்கு பற்றிய சுகாதார அறிக்கைகளில் வருவது இதுதான். அகராதி மறுபடியும் ‘நிகழ்ச்சி, சம்பவம்’ என்கிறது. பிறகு பிள்ளைகள் அதற்கு மேலும் ஒரு பன்மை விகுதி சேர்த்து ‘இன்சிடென்சஸ்’ என்று எழுதுவதில் வியப்பென்ன? உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருப்பது பயனுள்ள ஏற்பாடு. எந்த அசையை அழுத்த வேண்டும் என்ற குறியீடு மட்டும் இல்லை. இன்சிடன்ட் முதல் அசையில் அழுந்துவது. இன்சிடென்டல் மூன்றாம் அசையில் அழுந்துவது.

நம் நாட்டு வழக்கை அகராதி அறியவில்லை என்பதை நான் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலச்சரிவு என்று போட்டிருக்கிறார்கள், நாம் மண்சரிவு என்போம். பேரிடர் என்று போட்டிருக்கிறார்கள், நாம் அனர்த்தம் என்போம். அரசாங்கத்தின் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. தேயிலை வெட்டுவதற்குக் கவ்வாத்து என்ற சொல்லைச் சென்னையில் இருப்பவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. இவற்றை ஆசிரியர் வகுப்பில் ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம். மேலும், பின்னிணைப்பிலுள்ள ஒழுங்கற்ற வினைகளின் பட்டியல் இதுவரை நான் பார்த்த கையடக்க அகராதிகளில் மிகச் சிறந்தது. சாதாரணதரப் பரீட்சைக்கு அந்த எட்டுப் பக்கங்கள் போதும். பழங்கள், கருவிகள், உடலுறுப்புகள் போன்ற பெயர்ச்சொற்களுக்குத் தரப்பட்டுள்ள பொருள்களில் ஒரு பிழையும் எனக்குத் தென்படவில்லை. ஆறாம், ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைத் தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம். ஆங்கிலத்தில் கடிதமோ அறிக்கையோ எழுதும் பொறுப்பிலிருப்பவர்களுக்கு இது ஆகாது. அவர்களுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியமாவது எடுத்துக்காட்டாகத் தரும் ஆங்கில–ஆங்கில மாணவர் அகராதி ஒன்று தேவை. கைத்தொலைபேசியில் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவான மேல் டிவிசனில் சிக்னல் கிடைப்பதற்கு முருகன் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும்.

என் பிரதியில் இன்சிடன்ட் பதிவுக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘சிறு நடப்பு, அசம்பாவிதம், விபத்து அன்று’ என்றும், இன்சிடென்டலுக்குப் பக்கத்தில் ‘உதிரி’ என்றும் எழுதி வைத்திருக்கிறேன். அலுவலகத்துத் தம்பி தன்னுடைய பிரதியில் நீல மையால் எழுதிக்கொண்டார். பாடசாலை நூலகத்துக்கு இதே அகராதியில் ஆறு பிரதிகள் வாங்குவதாக இருந்தோம். அந்த 6,900 ரூபாயில் மூன்று பிரதிகள் இதுவும், மிச்சப் பணத்துக்கு ஓர் ஆங்கில–ஆங்கில அகராதியும் தரும்படி கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அது கொழும்பிலிருந்து அடுத்த பார்சலில் வரும் என்றார். தைத்த பதிப்பாகப் பார்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.